கொண்டைக்கு அளந்த ஹெல்மெட்

நாற்பத்திரண்டு வயதில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகினேன் என்று சொன்னால் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அப்படிச் சிரிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் கடைக்குப் போக வேண்டுமென்றால் மகன் வர வேண்டும், இல்லையென்றால் மருமகன் வர வேண்டும். மீனோ மோட்டாரோ, எதை வாங்கினாலும் தொட்டுப் பார்த்து, திருப்பிப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு வாங்குகிறவள் நான். கடைக்காரர்கள் யாரும் என்னை ஏமாற்றியது கிடையாது. ஒரே ஒரு சாமானில்தான் சறுக்கினேன். அதுவும் என்னுடைய திமிரால். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது சுங்கை சிப்புட்டுக்கும் செம்மோருக்கும் இடையில். ஒரு காலத்தில் ரப்பர் பால்மரத் தோட்டம். பால்மரத்தை வெட்டி, எண்ணெய்ப் பனையான செம்பனை போட்டார்கள். பிறகு செம்பனையிலும் ஒரு துண்டை அழித்துத் தாமான் என்கிற குடியிருப்பைக் கட்டி, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தை உடைத்து, எங்களுக்கு ஆளுக்கொரு மலிவு வீடு கொடுத்தார்கள். நல்ல வீடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பக்கம் பஸ் எட்டிப் பார்க்காது.

எனக்கு ஈப்போவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. துணி வெளுக்கும் பகுதி. எட்டு வருஷமாகப் படுக்கை விரிப்பும் அறுவை அறைத் துணியும் என் கையில்தான் வெளுக்கின்றன. எங்கள் தாமானிலிருந்து ஐந்து பெண்கள் ஒரே வேனில் போவோம். ஒருத்தி மகளோடு சிங்கப்பூர் போனாள், ஒருத்திக்கு முழங்கால் போனது, இரண்டு பேர் கையுறைத் தொழிற்சாலைக்கு மாறினார்கள். கடைசியில் வேனில் நான் ஒருத்திதான் மகாராணி மாதிரி உட்கார்ந்து போனேன்.

ஒருநாள் வேன்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: “அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒரு ஆளுக்கு வேன் ஓட்டுனா எனக்கு எண்ணெய் காசுகூட வராதுலா. வருஷக் கடைசியோட நிறுத்திக்கிறேன்.”

வேன் இல்லையென்றால் வேலை இல்லை. காலை ஏழு மணி ஷிப்டுக்கு அந்த ஆஸ்பத்திரியில் மூன்று தடவை பிந்தினால் கடிதம் கொடுப்பார்கள், அதற்குப் பிறகும் பிந்தினால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். போனில் கூப்பிட்டால் வரும் வாடகைக் கார் அந்த நேரத்தில் எங்கள் தாமானுக்குள் வராது. வந்தாலும் என் சம்பளத்தில் பாதியைக் கேட்கும். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். தெலுக் இந்தானுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு நான் எழும்புவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். ஆகவே அன்று சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன், மோட்டார் வாங்கப் போகிறேன் என்று.

“மோட்டாரா? நீயா?”

“நான்தான். வேற யாரு இருக்கா?”

“இருபது வருஷமா ரோட்டுல ஓடுறேன். மோட்டார்ல போறவங்க எப்படி விழுறாங்கன்னு லாரி மேலருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். வேணாம், சொன்னா கேளு.”

“அப்ப வேலைய விட்டுடட்டா?”

மகள் தஞ்சோங் மாலிமில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம். நான் வேலையை விட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“சரி, வாங்கு. ஆனா ஒண்ணு. ஒரே ஒரு தடவ விழுந்தாலும் மோட்டார வித்துப்புடுவேன். அப்புறம் அழக்கூடாது.”

“விழுந்தாத்தானே?” என்றேன். அவர் கையில் ஓங்கி அடித்துச் சத்தியமும் செய்தேன். அவ்வளவு தெம்பு எனக்கு.

அந்தத் தெம்பு லைசென்ஸ் சோதனையில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வியது. மற்றதெல்லாம் எனக்குச் சுலபம். எட்டுப் போடச் சொன்னால் எட்டு, நிறுத்தச் சொன்னால் நிறுத்தம். ஆனால் பலகை மாதிரி ஒடுக்கமாக ஒரு சிமெண்டுப் பாலம் இருக்கும். அதன்மேல் காலை ஊன்றாமல் ஊர்ந்து போக வேண்டும். முதல் தடவை பாதியில் இறங்கிவிட்டேன். இரண்டாம் தடவை முக்கால்வாசி. பின்னால் வரிசையில் நின்ற பதினேழு வயதுப் பிள்ளைகள் “பரவால்ல ஆன்ட்டி” என்று ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலைத்தான் தாங்க முடியவில்லை.

திரும்பி வரும் வழியில் தோட்டத்துக் கோயிலில் நின்றேன். லயம் போனாலும் கோயில் அதே இடத்தில் இருக்கிறது. அம்மனுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு முருகன் சந்நிதி. அங்கே நின்று, “முருகா, அந்தப் பாலத்த மட்டும் தாண்ட விட்டுடு. தைப்பூசத்துக்கு முடி இறக்குறேன்” என்று வேண்டிக்கொண்டேன். சும்மா ஒன்றும் கொடுக்கவில்லை. என் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைவிட முடியைத்தான் அதிகம் பார்த்தார்கள். சுருட்டிக் கொண்டை போட்டால் ஒரு தேங்காய் அளவு வரும்.

வேண்டிக்கொண்டு வந்த அடுத்த வாரமே மோட்டார் பார்க்கக் கிளம்பினேன். மூன்றாவது தடவை தேறிவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கையில் ஐயாயிரம் வெள்ளி, அதாவது ரிங்கிட், இருந்தது. அதற்குள் மோட்டார், பெயர் மாற்றுகிற செலவு, காப்புறுதி, ஹெல்மெட், சட்டை, சப்பாத்து, மழைக்கோட்டு எல்லாம் அடங்க வேண்டும். மாசாமாசம் கட்டுகிற வேலை வேண்டாம் என்று முதலிலேயே முடிவு பண்ணிவிட்டேன். மகள் போனில், “அம்மா, ஸ்கூட்டர் எடுங்கம்மா. கியர் இல்ல, ஈஸி” என்றாள். எனக்கும் ஆசைதான். ஈப்போ கடையில் சிவப்பு ஸ்கூட்டர் ஒன்று பளபளவென்று கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு கால் நுனிவிரலும் தரையைத் தேடின. நான் நாலடி பத்தங்குலம். கால் பாதம் முழுசாகத் தரையில் படாத மோட்டாரில் நான் ஏறக் கூடாது என்று அந்த இடத்தில் ஒரு சட்டம் போட்டுக்கொண்டு இறங்கினேன். விலையைக் கேட்டபோது இறங்கியது இன்னும் சரியாகப் பட்டது.

பழைய மோட்டார் விற்கும் தவுக்கே கடை அதே வரிசையில் நாலு கடை தள்ளி. தவுக்கே என்றால் முதலாளி, இவர் சீனர். ஆனால் தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்தவராம், என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார்.

“வாங்கக்கா, யாருக்கு? மகனுக்கா?”

“எனக்கு.”

மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு கப்சாயைக் காட்டினார். கப்சாய் என்றால் எங்கள் ஊரில் எல்லார் வீட்டு வாசலிலும் நிற்கிற, கிளட்ச் பிடிக்காமல் காலால் கியர் மாற்றுகிற சின்ன மோட்டார். நான் முதலில் சீட்டையோ விளக்கையோ பார்க்கவில்லை. குனிந்து எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தேன். இருபது வருஷத்துக்கு மேலாக லாரிக்காரரோடு குடித்தனம் நடத்துகிறேன். காலையில் முனகிக்கொண்டு கிளம்புகிற எஞ்சினை விற்கிறவர்கள், ஆள் வருவதற்கு முன்பே ஒருதடவை ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

“தவுக்கே, இது இன்னிக்கு ஓடுச்சா?”

“இல்லலா அக்கா. ரெண்டு நாளா நிக்குது.”

“ரெண்டு நாளா சும்மா நிக்கிற மோட்டாருக்கு ஏன் காய்ச்சல் அடிக்குது?”

தவுக்கே தானும் ஒரு தடவை எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். “அலமாக்! சூசாலா அக்கா, ரொம்ப கஷ்டம் உங்ககிட்ட!” என்று சொல்லிவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கடைக்குப் பின்புறம் நீல நிறத்தில் ஒன்று நின்றது. ஆறு வருஷத்து மோட்டார், ஒரே ஆள் கையில் இருந்தது. எஞ்சின் ஜில்லென்று இருந்தது. உட்கார்ந்தேன், இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது. சங்கிலியை இழுத்துப் பார்த்தேன், எண்ணெயைத் துணியில் தொட்டுப் பார்த்தேன். பதிவுக் கடுதாசியைக் கேட்டு வாங்கி, அழுக்கைத் துடைத்துவிட்டு, வண்டியில் அடித்திருந்த எண்ணும் கடுதாசியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். தவுக்கே பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். விலையில் நானூறு வெள்ளி குறைத்தேன். முன்டயரை மாற்றிக் கொடுக்கச் சொன்னேன், கொடுத்தார்.

மற்றச் சாமான்களையும் அப்படித்தான் வாங்கினேன். சட்டைக்குப் பண்டல் கடைக்குப் போனேன். வெளிநாட்டுப் பழைய துணியை மூட்டையாக இறக்கி விற்கிற கடை அது. அங்கே தோளிலும் முழங்கையிலும் பஞ்சுத் திண்டு வைத்த கனமான ஜாக்கெட் ஒன்று முப்பது வெள்ளிக்குக் கிடைத்தது. எங்கள் ஊர் ஆண்கள் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு ஓட்டுவார்கள், நெஞ்சில் காற்று அடிக்காதாம். எனக்கு அது பிடிக்காது. ஜாக்கெட்டில் ஜிப் எதற்கு இருக்கிறது? காலுக்கு, தோட்டத்தில் மரம் சீவப் போகிறவர்கள் போடுவார்களே, அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து. சேற்றிலும் வழுக்காது, மழையில் நனைந்தாலும் கழுவிக் காயவைக்கலாம். மழைக்கோட்டு மேலும் கீழும் தனித்தனியாக உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். போர்வை மாதிரி பறக்கிற கோட்டு சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று வீட்டுக்காரர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

கடைசியாக ஹெல்மெட். தவுக்கே கடைக்கு எதிர்ப்புறம் ஒரு ஹெல்மெட் கடை. அங்கே வேலை செய்த பெண்ணுக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும், நம் தமிழ்ப் பிள்ளைதான். நாடாவை எடுத்துக்கொண்டு என் தலையை அளக்க வந்தாள்.

“அக்கா, கொண்டைய அவுத்துட்டு முடிய கீழ தாழ்வா கட்டுங்க. அப்பதான் அளவு சரியா வரும்.”

“நான் கொண்டையோடதான் ஓட்டுவேன். கொண்டைக்கும் சேத்து அளம்மா.”

“அப்படிப் போட்டா ஹெல்மெட் தலையில உக்காராதுக்கா. கொண்டையில உக்காரும்.”

“எத்தன வருஷமா இந்தத் தலைய வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

அவள் நாடாவைச் சுருட்டி வைத்தாள். அங்கே இருந்ததிலேயே பெரிய அளவு ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தாள். நூற்றெண்பது வெள்ளி. தரச் சான்று ஒட்டியிருக்கிறதா என்று உரசிப் பார்த்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்து, வாரை இழுத்துப் பார்த்து வாங்கினேன். இவ்வளவு பார்த்தவள் ஒன்றைப் பார்க்கவில்லை. முருகனிடம் முடியைத் தருகிறேன் என்று சொன்னதும் நான்தான், அந்த முடிக்கு அளவெடுத்து ஹெல்மெட் வாங்கியதும் நான்தான். இரண்டும் ஒரே தலையில்தான் நடக்கப் போகிறது என்பது மண்டையில் ஏறவில்லை. நாங்கள் வேண்டுதலை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிய மாட்டோம். நிறைவேறும்வரை வாயைத் திறக்கக் கூடாது. நானோ எனக்கே சொல்லிக்கொள்ளாமல் விட்டுவிட்டேன் போல.

செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையில் இரண்டு வாரம் பழகினேன். மூன்றாவது சோதனையில் அந்தப் பாலத்தை முழுசாகக் கடந்தேன். கடந்து முடித்ததும் கீழே இறங்கி, சோதனை அதிகாரி பார்க்கப் பார்க்கக் கையெடுத்துக் கும்பிட்டேன். வேன் நின்ற மறுநாள் என் மோட்டாரில் ஆஸ்பத்திரி வாசலில் போய் இறங்கினேன். காவலாளி வாயைப் பிளந்தார். எட்டு வருஷத்தில் முதல்முறையாக யாருக்காகவும் காத்திருக்காமல் வேலைக்கு வந்திருந்தேன். அந்த மகிழ்ச்சியை எழுதிக் காட்ட முடியாது. துணி மடிக்கும்போது பாட்டு முணுமுணுத்தேன் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள்.

தைப்பூசம் வந்தது. ஈப்போ மலைக்கோயிலில் வரிசையில் நின்று முடி இறக்கினேன். தலையில் சந்தனத்தைப் பூசியதும் அந்தக் குளிர்ச்சி கால்வரை இறங்கியது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். “ஆளே மாறிட்ட” என்றார். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை ஹெல்மெட்டைத் தூக்கித் தலையில் போட்டேன். மூக்குவரை இறங்கியது. தலையை இடப்பக்கம் திருப்பினேன். தலை திரும்பியது, ஹெல்மெட் திரும்பவில்லை. வாசலில் நின்றுகொண்டு, “அட முருகா” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அன்று வேலை முடிந்து நேரே ஹெல்மெட் கடைக்குப் போனேன். அந்தப் பெண் என் மொட்டைத் தலையையும் கையிலிருந்த ஹெல்மெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“போட்டு ஓட்டுனத திருப்பி எடுக்க மாட்டோம்லாக்கா” என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, “இந்த வேண்டுதல் ஹெல்மெட் வாங்குறப்பவே இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“இருந்துச்சு.”

“அப்ப ஏன்க்கா சொல்லல?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. சின்ன அளவு ஒன்றை எடுத்துக் காட்டினாள், அதுவும் நூற்றெழுபது வெள்ளி. கையில் அவ்வளவு இல்லை. இருந்திருந்தாலும் அவள் முன்னால் வாங்கியிருக்க மாட்டேன். “முடி வளந்துடும்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்காரரின் பழைய கைலியைக் கிழித்து நாலாக மடித்து ஹெல்மெட்டுக்குள் திணித்தேன். ஆடுவது கொஞ்சம் நின்றது. அவரிடம் சொல்லவில்லை. மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன்.

நாலாவது வாரம் ஒரு புதன்கிழமை, மூன்று மணிக்கு வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். செம்மோர் தாண்டி எனக்கு முன்னால் ஒரு செம்பனை லாரி. ரோட்டில் ஒரு மேடு வந்தது, லாரி குதித்தது, பின்கதவு வழியாக உதிரிப் பழங்கள் கோலிக்குண்டு மாதிரி ரோடெல்லாம் சிதறின. நான் மெதுவாகத்தான் போனேன், பிரேக்கும் பிடித்தேன். சக்கரம் பழத்தின்மேல் ஏறி வழுக்கியது. அடுத்து எனக்குத் தெரிந்தது புல்லும் மண்ணும்தான்.

இடது தோளும் முழங்கையும் அடிவாங்கின. பண்டல் கடை ஜாக்கெட் கிழியக்கூட இல்லை. எழுந்து உட்கார்ந்து தலையைத் தொட்டேன். வெறும் தலை. ஹெல்மெட்டைக் காணோம். பார்த்தால், வார் பூட்டியது பூட்டியபடியே அது எனக்கு முன்னால் உருண்டு போய்க்கொண்டிருக்கிறது. சாக்கடைச் சிமெண்டு விளிம்பில் டக்கென்று மோதி நின்றது. கைலித் துணி நடுரோட்டில் கிடந்தது. அந்த டக்கென்ற சத்தம் காதிலேயே நின்றது. புல்லில் விழாமல் இரண்டடி தள்ளி விழுந்திருந்தால் அந்த விளிம்பில் மோதியிருப்பது வெறும் ஹெல்மெட்டாக இருந்திருக்காது.

பின்னால் வந்த காரிலிருந்து ஒரு மலாய்க்கார அம்மா ஓடி வந்தார். என் மொட்டைத் தலையைப் பார்த்தார். என் கையைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டு, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறீர்களா, இந்த உடம்போடு தனியாகவா வந்தீர்கள், வீட்டில் யாரும் இல்லையா என்று மலாயில் கேட்டார். அவர் கண்ணில் தண்ணீர். இல்லையம்மா, சாமிக்குக் கொடுத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அவர் தண்ணீர் கொடுத்து, மோட்டாரை நிமிர்த்தி, ஓட்ட முடியுமா என்று மூன்று தடவை கேட்டு, எங்கள் தாமான் முனைவரை காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

வீட்டுக்காரர் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. மறைத்துவிடலாம். மோட்டாரைக் கழுவினேன். வளைந்த பிரேக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன், முக்கால்வாசி நேராகியது. முழங்கை வீக்கத்தை நீளக்கைச் சட்டை மறைக்கும். கையில் அடித்த சத்தியம் ஞாபகத்தில் இருந்தது. விழுந்தேன் என்று சொன்னால் மோட்டார் போய்விடும், மோட்டார் போனால் எட்டு வருஷத்து வேலை போய்விடும். கடைசியாக ஹெல்மெட்டைத் துடைத்தேன். பின்பக்கம் உள்ளங்கை நீளத்துக்கு வெடிப்பு. அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மறைத்தால் நாளைக் காலை மறுபடியும் இதைத்தான் தலையில் போட வேண்டும்.

அவர் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

“விழுந்துட்டேன். செம்மோர்கிட்ட. இந்தா முழங்கை. வேற ஒண்ணும் ஆகல.”

அவர் முழங்கையைப் பார்த்தார். தோளைத் தொட்டுப் பார்த்தார். மேசைமேல் இருந்த ஹெல்மெட்டை எடுத்துத் திருப்பினார். வெடிப்பைப் பார்த்தார். உள்ளே மறுபடி திணித்து வைத்திருந்த துணியை உருவினார்.

“இது என் கைலி.”

“ஆமா.”

“எத்தன நாளா?”

“முடி இறக்குனதுலருந்து.”

அவர் குரலை உயர்த்திப் பேசுகிற ஆள் இல்லை. அன்று உயர்த்தினார். “தலையில நிக்காத ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டா இத்தன நாளா ஓட்டுன? கேக்க மாட்டியா? ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? ரோட்டுல எத்தன பேர நான் பாத்திருக்கேன் தெரியுமா உனக்கு?” ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். குப்பைத் தொட்டியில் அது விழுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து மோட்டார் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வியாழனும் வெள்ளியும் என்னை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார். திரும்ப வர, கூட வேலை செய்கிறவளின் தம்பி காரில் செம்மோர்வரை வந்து, அங்கிருந்து வேறு யாரையோ கெஞ்சி வந்தேன். இப்படி எத்தனை நாள் முடியும்? அவர் முதலாளி கேட்க மாட்டாரா? வெள்ளிக்கிழமை அவர் போனில் பேசுவது காதில் விழுந்தது. “ஆமா தவுக்கே, நீல கலர். நாளைக்குக் கொண்டுட்டு வாரோம்.” சண்டை போடலாமா என்று பார்த்தேன். சத்தியம் பண்ணியது நான். எந்த வாயால் சண்டை போடுவது?

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டில் இரண்டு ஹெல்மெட் கேட்டு வாங்கி வந்தார். சாவியை என்னிடம் நீட்டினார். “நீதான் ஓட்டணும். எனக்கு லாரி லைசென்ஸ்தான் இருக்கு.” நான் ஓட்டினேன். அவர் பின்னால் உட்கார்ந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் ஓட்டி அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. செம்மோரில் அந்த இடம் வந்தபோது மட்டும் என் தோளைப் பிடித்தார், வலிக்காத தோளை. இதுதான் நான் கடைசியாக ஓட்டுவது என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு கியரையும் பதமாக மாற்றினேன். யார் வாங்கப் போனாலும், ஒழுங்காக ஓட்டியவளிடமிருந்து வாங்கினார்கள் என்று இருக்கட்டும்.

தவுக்கே கடை முன்னால் நிறுத்தினேன். தவுக்கே வெளியே வந்து மோட்டாரைச் சுற்றி வந்தார். நான் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“பிரேக் கைப்பிடி புதுசா போட்டுடு தவுக்கே” என்றார் என் வீட்டுக்காரர். குனிந்து பின்டயரில் கட்டைவிரலை அழுத்தினார். “இதயும் மாத்திடு. இவ தினம் அம்பது கிலோமீட்டர் ஓட்டுறா.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது சாவியைத் தவுக்கே கையில் திணித்தேன். அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அதே பெண்தான் இருந்தாள். என் தலையை நாடாவால் அளந்தாள், இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. சின்ன அளவு ஹெல்மெட்டை மாட்டிவிட்டாள். காது இரண்டும் அழுந்தின. என் வீட்டுக்காரர் முன்னால் வந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார். ஹெல்மெட் ஆடவில்லை, என் தலைதான் ஆடியது. மறுபடி ஆட்டினார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

“வித்துப்புடுவேன்னு சொன்னீங்களே?” என்று உள்ளிருந்தபடியே கேட்டேன்.

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, “இதயே குடும்மா” என்றார். “முடி பழையபடி வளந்ததும் வந்து, மறுபடி அளந்து இன்னொண்ணு வாங்கிக்கிறோம்.”

பழையபடி வளர எப்படியும் ஐந்தாறு வருஷம் ஆகும்.